வல்லூற்றையும் கலர் கோழியையும் பார்த்துக்கொண்ட வெங்கடப்பா

வெங்கடப்பா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில், லாரிகளுக்கு நடுவே நகராமல் நின்றிருந்த பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். அழைத்தவர் பசவராஜ். எங்கள் ஓசூர்த் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசராக இருந்தவர். பதறினால் அவருக்குத் தமிழ் நழுவிக் கன்னடம் வந்துவிடும். "வெங்கடப்பா ஹோகிபிட்ட சார்," என்றார். பிறகு தமிழுக்குத் திரும்பி, "காலைல டீ குடிச்சிட்டு உக்காந்தவரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு," என்றார்.

நான் பெங்களூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடித்தேன். ஓய்வுபெற்ற பிறகு வெங்கடப்பா மனைவியின் ஊரான சாமல்பட்டியில் இருந்தார். அங்கே போய்ச் சேரும்வரை என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது அவர் முகம் அல்ல, ஒரு சத்தம். இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரஸ் மிஷின் ஒருமுறை இறங்கி ஏறியபின், யாரும் எதையும் அழுத்தாமலே இரண்டாவது முறை இறங்கும் சத்தம். அதை நான் நேரில் கேட்டதில்லை. ஒருநாள் அவர் வாயால் செய்து காட்டியதுதான். அதற்குப் பிறகு அது என்னை விட்டுப் போகவில்லை.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு அவர் கூண்டு வெங்கடப்பா. அலுவலகக் கட்டடத்துக்கு முன்னால் முதலாளி ஆசைப்பட்டுக் கட்டிய கம்பிவலைக் கூண்டில் பெசன்ட் என்ற வெளிநாட்டு வண்ணக்கோழிகளைப் பார்த்துக்கொண்டவர். அதற்கு முன் பதினான்கு வருடம் அவர் பிரஸ் ஆபரேட்டர் என்பது பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியாது. சொந்த ஊர் பேரிகைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பசவராஜிடம் கன்னடம். எந்த மொழியிலும் அவர் சத்தம் போட்டுப் பேசியதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் அங்கே சேஃப்டி ஆபீசர். பதினோராம் நம்பர் பிரஸ்ஸில் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போனபோது விபத்து அறிக்கை எழுதியவன் நான். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அந்த மிஷின் இறங்கும். கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் உற்பத்திக் கணக்கை எட்டுவதற்காக எல்லா ஷிப்டிலும் ஆட்கள் ஒரு பொத்தானில் மரச்சில்லைச் செருகிவிட்டு ஒரு கையால் ஓட்டுவார்கள். விபத்துக்குப் பிறகு நான் போய்ப் பார்த்தபோது பொத்தானில் சில்லு இருந்தது. வெங்கடப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். "ரெண்டு கையாலதான் சார் அழுத்தினேன். அடிச்சி மேல போச்சு. பீஸ எடுக்கக் கைய விட்டேன். மறுபடியும் அதுவா வந்துச்சு."

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான் என்பது எனக்குத் தெரியும். மிஷினை ஓட்டி நிறுத்தும் கிளட்ச்சுக்குள் சாவி என்று ஓர் இரும்புத் துண்டு இருக்கும்; அது தேய்ந்தால் மிஷின் ஒரு அழுத்தலுக்கு இருமுறை இறங்கும். பதினோராம் நம்பரில் அந்தச் சாவி தேய்ந்திருக்கிறது என்று பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர் ஒரு வாரம் முன்பே ஒரு துண்டுச் சீட்டு எழுதி என்னிடம் கொடுத்திருந்தார். சீட்டு என் மேசை இழுப்பறையில் இருந்தது. மிஷினை நிறுத்தினால் டெலிவரி தவறும் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

பிளான்ட் மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி. "சில்லு இருந்துச்சா, இல்லையா?"

"இருந்தது சார்."

"அப்ப அத எழுதுங்க."

எழுதினேன். அந்தச் சில்லை எந்த ஷிப்ட் ஆள் வைத்தார், மிஷின் இறங்கியபோது அது பொத்தானில் இறுகியிருந்ததா, தளர்ந்திருந்ததா என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. ஆபரேட்டர் தவறு என்று முடித்த அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும், இலகுவான வேலை கொடுப்பார்கள் என்று வெங்கடப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். இடது கையால், குழந்தை எழுதுவதுபோல, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

இலகுவான வேலை என்பது அந்தக் கூண்டுதான். சேவல்களுக்குத் தலையில் பொன்னிறக் கொண்டை, மார்பு குங்குமச் சிவப்பு, கழுத்தைச் சுற்றி வரிவரியாக ஒரு போர்வை, உடம்பைவிட நீண்ட வால். பெட்டைகள் மட்டும் மண் நிறம். பெங்களூரில் வாங்கிவந்த ஆறு பறவைகள். வருகிற விருந்தினர்கள் எல்லோரும் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் அவற்றைக் கலர் கோழி என்போம். வெங்கடப்பாவும் அப்படித்தான் சொல்வார், ஆனால் கேலி இருக்காது. சோளம், கீரை, தண்ணீர் எல்லாம் நேரத்துக்கு. பயந்தால் அந்தப் பறவை நேர்மேலே விருட்டென்று எழும்பும். கூரைக் கம்பியில் மண்டை இடிக்கும். அதனால் கம்பிக்குக் கீழே மீன்வலையை இழுத்துக் கட்டினார். இரண்டு விரல் மிஞ்சிய கையும் பற்களும் கொண்டு முடிச்சுப் போட அவருக்கு நான்கு நாள் ஆனது. தினமும் தன் தேநீர் நேரத்தில், மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டம்ளரோடு பிரஸ் ஷாப் வாசலுக்குப் போய் நிற்பார். பழைய கூட்டாளிகளைத் தேடிப் போகிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது வருடம் பனிக்காலத்தில், ஒரு புறாவை விரட்டிவந்த வல்லூறு அலுவலகத்தின் கண்ணாடிச் சுவரில் மோதி விழுந்தது. எல்லோரும் தள்ளி நிற்க, வெங்கடப்பா ஒரு கோணியைப் போட்டு அதைத் தூக்கினார். "டேக சார், டேக," என்றார். தெலுங்கில் அதற்கு அந்தப் பெயர். வனத்துறைக்குச் சொன்னேன். வனக்காவலர் ஒருவர் கால்நடை மருத்துவரோடு வந்தார். பாறை மலைகளில் கூடு வைக்கும் ஷாஹீன் வல்லூறு, பெண் பறவை, இறக்கை எலும்பு உடையவில்லை, சதைதான் அடிபட்டிருக்கிறது என்றார் மருத்துவர். அலைக்கழிக்காமல் சில நாள் இங்கேயே வைத்திருங்கள், நாங்கள் வந்து பார்த்துக்கொண்டிருப்போம் என்று இருவரும் சொல்லிப் போனார்கள். கூண்டில் ஒரு பகுதியைத் தார்ப்பாயால் மறைத்து அதற்கு இடம் செய்தார் வெங்கடப்பா. முதல் நாள் அது எதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் அவர் இடுக்கியில் பிடித்து நீட்டிய காடை இறைச்சியை வாங்கிக்கொண்டது.

நான்காம் நாள் காலைக் காற்றில் தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்துவிட்டது. மறுபக்கம் இருந்த சேவல் பெசன்ட் வல்லூற்றைப் பார்த்தது. நேர்மேலே எழும்பி, மீன்வலை எட்டாத ஓரத்தில் இரும்புச் சட்டத்தில் மோதிக் கழுத்து முறிந்து விழுந்தது. நான் போனபோது அவர் அதை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வல்லூறு கட்டையில் அசையாமல் இருந்தது.

"டேக ஒண்ணுமே பண்ணல சார்," என்றார். "பாத்துச்சு. அவ்ளோதான்."

முதலாளிக்கு மிகவும் பிடித்த பறவை அது. இதற்கும் ஓர் அறிக்கை எழுதுங்கள் என்றார் மேனேஜர். வெங்கடப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கி நின்றபோது அவரே சொன்னார். "கயிறு நான் கட்டினது. சரியா கட்டல. இது என் தப்பு சார். எழுதிக்குங்க."

'இது' என்ற சொல்லை அவர் கொஞ்சம் நிறுத்தித்தான் சொன்னார். எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை. எழுதிக்கொண்டேன்.

முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. வல்லூறு இருக்கும் செய்தி அவருக்கு வேறு விதமாகப் பிடித்திருந்தது. எங்கள் நிறுவனத்தின் உள்பத்திரிகையை அப்போது நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு பறவையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை போடுங்க, நல்லா இருக்கும்," என்றார். அதற்காக ஒரு வாரம் மதிய உணவுக்குப் பிறகு கூண்டருகே போய் உட்கார்ந்தேன். வெங்கடப்பா அளவுக்கு அந்த இரண்டையும் பார்த்தவர் யாரும் இல்லை. பெசன்ட் ஒரு பக்கக் கண்ணால் பார்க்கும், பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்க்கும். வல்லூறு இரண்டு கண்ணையும் சேர்த்து நம் மேல் வைக்கும் என்று காட்டினார். பெசன்ட்டின் நகம் மண்ணைக் கிளறித் தேய்ந்து மழுங்கியிருந்தது. வல்லூற்றின் நகம் நீண்டு, ஊசியாக வளைந்திருந்தது. பெசன்ட்டில் ஆணுக்கு அழகு, வல்லூற்றில் பெண்ணுக்கு வலு. "இது மேயறதுக்காகப் பாக்குது சார், அது போறதுக்காகப் பாக்குது," என்றார். அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

கட்டுரையைத் தமிழில் எழுதி முடித்து அவரிடமே படித்துக் காட்டினேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. ஒன்று கொடூரமான வேட்டைக்காரி, மற்றொன்று அழகும் சாதுவுமான பறவை, இயற்கை இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது என்று முடித்திருந்தேன். வெங்கடப்பா கேட்டுவிட்டுச் சட்டைக் கையை மேலே இழுத்தார். இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல்கள், சில ஆறியவை, சில புதியவை.

"இதெல்லாம் யாரு பண்ணதுன்னு நெனைக்கறீங்க?"

"டேகதானே?"

"டேக என்னை ஒரு தடவ கூடத் தொடல சார். பசிக்காம எதையும் தொடாது. இது அத்தனையும் அந்தச் சாது. கால்ல பின்னாடி முள்ளு இருக்குது, பாத்தீங்களா? உள்ள போனா எகிறி எகிறி உதைக்கும். செத்துப் போன சேவல் இன்னொரு சேவலோட கண்ணையே எடுத்திருக்கும், நான் பிரிச்சி விட்டேன்."

"மாத்திடறேன்," என்றேன்.

"மாத்துங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்." கீரைத் தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினார். "என்னைப் பத்தி எழுதினப்பவும் நீங்க கேக்கல. ஃபிட்டர் உங்க கையில சீட்டு குடுத்தது எனக்குத் தெரியும் சார். அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிட்டு அழுதாரு."

குரலில் எந்த மாற்றமும் இல்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் கூண்டைக் கடக்கும்போது என்னைப் பார்த்து வணக்கம் வைத்தவர். அத்தனை நாளும் தெரிந்தேதான் வைத்திருக்கிறார். அன்றுதான் அந்தச் சத்தத்தையும் செய்து காட்டினார். நாக்கை மேல் அண்ணத்தில் அடித்து ஒன்று. சின்ன இடைவெளி. பிறகு இன்னொன்று. "முதல் அடி கனமா விழும். ரெண்டாவது கொஞ்சம் லேசா விழும். கேட்டவனுக்குத்தான் தெரியும்," என்றார்.

கட்டுரையைத் திருத்தினேன். விபத்து அறிக்கையைத் திருத்தவில்லை. திருத்தினால் சீட்டு வெளியே வரும், என் வேலை போகும். மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள். வேலையைக் காக்கத்தான் திருத்தவில்லை என்பதை யாரிடமும் இதற்கு முன் நான் சொன்னதில்லை.

அடுத்த வாரம் வனக்காவலரோடு நாங்கள் இருவரும் ஜீப்பில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பாறை மலைக்குப் போனோம். பெட்டியை வெங்கடப்பாதான் மடியில் வைத்திருந்தார். அவர் திறந்துவிட்டதும் வல்லூறு பெட்டி விளிம்பில் ஒரு கணம் நின்றது. பிறகு பாறை ஓரத்தில் சரிந்து, காற்றைப் பிடித்து, நாங்கள் கழுத்தை நிமிர்த்துவதற்குள் சின்னப் புள்ளியாகிவிட்டது. வனக்காவலர் கைதட்டினார். வெங்கடப்பா தட்டவில்லை. "அதுக்குக் கண்ணாடின்னா என்னன்னு தெரியாது சார்," என்றார். "திரும்பவும் வந்து மோதும்." அது திரும்ப வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு பனிக்காலத்திலும் அந்தக் கண்ணாடிச் சுவரில் அவர் பழைய செய்தித்தாள்களை ஒட்டிவைப்பதும், விருந்தினர் வரும்போது மற்றவர்கள் அதைக் கிழிப்பதுமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் சத்தம் போட்ட நாள் வந்தது. நான் அப்போது வேறு கட்டடத்தில் இருந்தேன். பார்த்த பசவராஜ் சொன்னதைச் சொல்கிறேன். பதினோராம் நம்பரில் அன்று சுமதி என்ற ஆபரேட்டர். வெங்கடப்பா வழக்கம்போலத் தேநீரோடு வாசலில் நின்றிருக்கிறார். நாற்பது மிஷின் ஓடும் ஷாப் அது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. திடீரென்று டம்ளரை எறிந்துவிட்டு, "கைய எடு, கைய எடு," என்று கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார். சுமதி பீஸை எடுத்துக் கூடையில் போடத் திரும்பியிருந்த நேரத்தில் மிஷின் தானாக ஒருமுறை இறங்கி ஏறியிருக்கிறது. சுமதி அதைக் கவனிக்கவில்லை. அடுத்த தகட்டை வைக்கக் கையை உள்ளே கொண்டுபோகும்போது வெங்கடப்பா போய்ச் சிவப்புப் பொத்தானை முஷ்டியால் அடித்து மிஷினை நிறுத்திவிட்டார்.

நான் ஓடிப் போனபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சுமதி அவர் எதிரில் நின்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிக் கேட்டுச்சு?" என்றேன்.

"மூணு வருஷமா அதைத்தானே சார் கேட்டுக்கிட்டு நிக்கறேன்," என்றார்.

கூட்டாளிகளைப் பார்க்க அல்ல, அந்த மிஷினைக் காவல் காக்கத்தான் அவர் தினமும் வாசலில் நின்றிருக்கிறார். ஆபரேட்டர் தவறு என்று என் அறிக்கை சொன்னதால் கிளட்ச்சை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. நான் எழுதாத ஒரு வரிக்காக ஒரு மனிதர் ஆயிரம் தேநீர் வேளைகளை அந்த வாசலில் கழித்திருக்கிறார்.

அன்று மாலையே புதிய அறிக்கை எழுதினேன். பழைய அறிக்கை தவறு, சாவி தேய்ந்தது எனக்கு முன்பே தெரியும் என்று எழுதி, ஃபிட்டரின் சீட்டை இணைத்தேன். கொடுப்பதற்கு முன் கூண்டுக்குப் போய் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். வெங்கடப்பா கடைசிவரை கேட்டார். நான் ஏதோ ஒன்றை எதிர்பார்த்து நின்றேன், திட்டினாலும் சரி.

"சரி சார்," என்றார். தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கிளட்ச்சை மாற்றினார்கள். மரச்சில்லு செருக முடியாத பொத்தான்கள் வந்தன. என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. வெங்கடப்பாவைச் சூப்பர்வைசருக்கு உதவியாகப் பிரஸ் ஷாப்புக்கே கூப்பிட்டார்கள். கலர் கோழிகளை யார் பார்ப்பார் என்று கேட்டுவிட்டு அங்கேயே இருந்துகொண்டார். அதன்பின் பத்து வருடம் ஒரே வளாகத்தில் இருந்தோம். மழை, பஸ், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் பேசினோம். அந்தச் 'சரி'க்கு என்ன பொருள் என்று மட்டும் நான் கேட்கவில்லை. இனி கேட்க முடியாது.

சாமல்பட்டிக்கு நான் போனபோது எடுத்துவிட்டிருந்தார்கள். சுமதி எனக்கு முன்பே ஓசூரிலிருந்து வந்திருந்தார். வெங்கடப்பாவின் மனைவி லட்சுமம்மா என்னைப் பார்த்து, "சேஃப்டி சாரா?" என்றார். ஆமாம் என்றேன். "சாப்பிட்டுப் போங்க," என்றார்.

பதினாறாம் நாள் முடிந்தபிறகு இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். ஒருவரைப் பற்றி எழுதினால் அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பது என்று ஆகிவிட்டது. அவர் இல்லாததால் லட்சுமம்மாவிடம் படித்தேன். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். மிஷினை நோக்கி ஓடிய இடத்தில் 'பயம் அறியாதவர்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அங்கே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத எடுத்துடுங்க. அவருக்குப் பயம் இருந்துச்சு. மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தாக்கூட வலது கைய வெடுக்குன்னு இழுத்துக்குவாரு. கடைசி வரைக்கும் இழுத்தாரு. நான் அந்தக் கைய என் மடியில வச்சிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். எத்தினி வருஷம்."

அந்த வரியை எடுத்துவிட்டேன். லட்சுமம்மா சொன்னதை அவர் சொன்னபடியே சேர்த்திருக்கிறேன். வெங்கடப்பாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பயத்தைத்தான். அது என்னிடமும் இருந்திருக்க வேண்டியது. இத்தனை வருடம் அவர் ஒருவரே அதைச் சுமந்திருக்கிறார்.